சிறுவர் கையில் ஒரு செபமாலை



வீட்டில் ஒரு குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் கண்டால் மருந்து கொடுக்கிறீர்கள். சாமியாரை அழைத்துவர ஆளும் அனுப்புகிறீர்கள். இரண்டும் நல்லதே. ஆனால் அவர் வந்து சேருமட்டும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஞானஸ்நானம் பெற்ற உங்களுக்கும் சர்வேசுரன் ஒரு ஞான அதிகாரம் தந்திருக்கிறார் என்பதை நினைத்ததுண்டா? அந்த அதிகாரத்தைப் பிரயோகிக்க முத்துக்குளித்துறை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அர்ச். பிரான்சிஸ் சவேரியார்.

அவர் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி நவார் நாட்டில் உயர்குலத்தில் பிறந்தார். பாரீஸ் பட்டணத்தில் கல்வி கற்கையில் அர்ச். இஞ்ஞாசியாரின் தோழரானார். 1541-ல் லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே 6-ந் தேதி கோவாவில் இறங்கினார். மூன்றாம் சின்னப்பர் பாப்பரசர் அவரைத் தம் ஸ்தானாபதியாக நியமித்துக் கொடுத்த பத்திரங்கள் அவரிடம் இருந்தன. அவற்றைக் காட்டி அவர் பெருமை தேடவில்லை. கோவா மேற்றிராணியாரின் கையில் அவற்றை ஒப்படைத்து, அவர் சித்தப்படியே நடக்க இசைந்தார். சர்வேசுரன் தந்த அதிகாரம் தாழ்ச்சியோடுதான் தொடங்குகிறது, கவனியுங்கள்.

அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பே பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் போதிப்பார் இல்லாமையால் செபம்கூட அறியாதிருந்தார்கள். சவேரியார் தமிழ் தெரிந்தவர்களின் உதவியால் விசுவாச மந்திரம், பரமண்டல மந்திரம், பிரியதத்த மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழில் அமைத்து மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாய் நடந்து ஜனங்களைக் கூட்டினார். சிறுவர் கற்றதை வீட்டில் தாய் தந்தையர்க்குக் கற்பிக்கும்படி சொன்னார்.

ஊர்களோ பல, அவரோ ஒருவர். வியாதிக்காரர் வீட்டிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது. அவர் என்ன செய்தார்? செபங்களை நன்றாய் அறிந்த சிறுவரை அனுப்பினார். தமது செபமாலையையும் அவர்கள் கையில் கொடுத்தனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி, விசுவாச மந்திரம் சொல்லி, நோயாளியை நம்பிக்கையோடிருக்கச் சொல்வார்கள். பலர் சுகமடைந்ததாக அவரே தம் சபையாருக்கு எழுதியிருக்கிறார். சிறுவரிடம் பட்டமில்லை, பதவியில்லை, விசுவாசம் இருந்தது.

ஊர்தோறும் கணக்கப்பிள்ளைமாரையும் ஏற்படுத்தினார். குரு இல்லாத நாட்களில் செபம் நடத்துவதும், சாகுந் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் வேலை. அவசரத்தில் இப்படி ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கும் உண்டு. அதன் முறையை அறிந்திருக்கிறீர்களா?

அதிகாரம் என்றால் அதட்டல் என்று எண்ணவேண்டாம். 1544-ல் வடுகர் படை தாக்கியபோது, கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடினார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று தடுத்தது. பின்னர் கால்நடையாகவே அவர்களைத் தேடிச் சென்றார். அக்கரையில் ஊழியம் செய்த மான்சீலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதங்களில், பொறுமையாய் இரும், ஜனங்கள் உம்மை நேசிக்கும்படி நடந்துகொள்ளும் என்ற கருத்தையே திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். முன்கோபமுள்ள தகப்பன்மாரே, இது நமக்கும் எழுதியதல்லவா?

1552 டிசம்பர் 3-ந் தேதி, சீன தேசத்தின் வாசலிலுள்ள சான்சியான் தீவில் அவர் உயிர்விட்டார். 1622-ல் திருச்சபை அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தது. முத்துக்குளித்துறையில் அவர் தங்கியது கொஞ்சகாலமே. ஆயினும் அவர் போனபின் விசுவாசம் அணைந்துபோகவில்லை. காரணம், அதை ஒவ்வொரு வீட்டாரின் கையிலும் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகள் படுக்கும்முன் அவர்கள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையுங்கள். அண்டைவீட்டில் நோயாளி இருந்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் செபியுங்கள். செபமாலை சுவரில் தொங்குவதற்கல்ல. உங்கள் கைக்கு வருவதற்கே.