அங்கோர் கண்ட ஹென்றி மூவோ

1858ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள், இலண்டனிலிருந்து புறப்பட்ட பாய்மரக் கப்பல் ஒன்று நம் சிங்கப்பூர்த் துறைமுகத்தை வந்தடைந்தது. நான்கு திங்களுக்கு மேலாகக் கடலில் அலைப்புண்டு வந்த அக்கப்பலிலிருந்து முப்பத்திரண்டு வயதுடைய பிரெஞ்சுக்காரர் ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னே படையில்லை. கையிலே பெரும்பொருளும் இல்லை. வண்டு, நத்தை, பறவை முதலியவற்றைத் திரட்டிப் பாடம் செய்வதற்குரிய கருவிகளும், எழுதவும் வரையவும் வேண்டிய தாள்களுமே அவருடைய செல்வம். சில நாள்களில் அவர் சயாம் நாட்டிற்குப் பயணமானார். மூன்று ஆண்டு சென்று அவர் எழுதி வைத்த ஏடுகள் மட்டுமே திரும்பின, அவர் திரும்பவில்லை.

ஹென்றி மூவோ என்னும் அப்பெரியார், 1826ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், பிரான்சு நாட்டில் மோன்பெலியார் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே ருஷ்யாவுக்குச் சென்று அங்கே ஆசிரியத் தொழில் புரிந்தார். ஆம், மாணவர்களே! அவரும் ஓர் ஆசிரியரே. அக்காலத்தில் புதிதாகத் தோன்றியிருந்த ஒளிப்படக் கலையையும் கற்றுத் தேர்ந்தார். பின்னர் ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்து ஜெர்சித் தீவில் இல்லறம் நடத்தினார். அவ்வம்மையார், ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றை ஆராய்ந்து அங்கேயே உயிர் துறந்த மங்கோ பார்க்கின் உறவினர். அக்குடும்பத்தில் பெண் கொண்டவருக்கு அயல்நாட்டு வேட்கை பிறந்ததில் வியப்பென்ன?

சயாமைப் பற்றிய நூலொன்றைப் படித்ததும் அந்நாட்டைக் காண வேண்டுமென்னும் அவா அவர் உள்ளத்தில் வேரூன்றியது. தாய்நாட்டு அரசினர் உதவ முன்வரவில்லை. இலண்டன் மாநகரின் அரச புவியியற் கழகம் ஆதரவு அளித்தது. இல்லாளைப் பிரிந்து, 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் கப்பலேறினார்.

மூவோ தனியே பயணம் செய்தவர் என்று நூல்கள் கூறும். ஐரோப்பியத் துணைவர் எவரையும் அவர் உடன் கொண்டு செல்லவில்லை என்பதே அதன் பொருள். படகு வலித்தவரும், சோறு சமைத்தவரும், பெட்டி சுமந்தவரும் உடனிருக்கவே செய்தனர். அவருள் பிராய், டெங் என்னும் இருவரை நாம் மறக்கலாகாது. டைன்-டைன் என்னும் சிறு நாயொன்றும் அவரை நீங்காமல் உடன் சென்றது. புலி அதனைக் கவ்விக்கொண்டு போய்விடுமோ என்பது மூவோவுக்கு ஓயாத கவலை.

பேங்காக்கை இருப்பிடமாகக் கொண்டு அவர் நாற்புறமும் சென்றார். சயாமின் பழைய தலைநகராகிய அயூத்தியாவின் இடிபாடுகளைக் கண்டார். கடல்வழியே கம்போடியா சேர்ந்து, அந்நாட்டரசரைக் கண்டு, கிழக்கே காடு சூழ்ந்த மலைநாட்டில் ஸ்தியேங் மக்களோடு சில திங்கள் தங்கினார். பகலில் அட்டை, இரவில் கொசு, எப்போதும் காய்ச்சல் அச்சம். இவற்றினிடையே ஒவ்வொரு நாளும் கண்டதைக் குறித்து வைத்தார்.

1860ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தொன்லே சாப் என்னும் பேரேரி வழியாக அங்கோரை அடைந்தார். பாட்டம்பாங்கில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் வழித்துணையாக வந்தார். அப்பகுதி அந்நாளில் சயாமின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. காட்டு வழியே நடந்தவர் முன் திடீரெனக் கல்லாலான பெருங்கோபுரங்கள் எழுந்து நின்றன.

அதுவே அங்கோர் வாட். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுப்பித்த பெருங்கோயில் அது. 190 மீட்டர் அகலமுள்ள அகழி அதனைச் சூழ்ந்துள்ளது. நடுக்கோபுரம் 65 மீட்டர் உயர்ந்து விளங்குகிறது. சுற்று மண்டபச் சுவர்களில் நெடுகப் புடைப்புச் சிற்பங்கள்! தேவரும் அசுரரும் பாம்பைக் கயிறாக்கிப் பாற்கடலைக் கடைகின்றனர். குருக்ஷேத்திரத்திலே தேர்கள் மோதுகின்றன. இலங்கைப் போரிலே வானரங்கள் அரக்கர்மேற் பாய்ந்து கடிக்கின்றன. பாட்டி மடியிற் கிடந்து இராமாயணம் கேட்டவர் எவரும் அங்குப் போய் நின்றால், கல்லில் இருப்பவர் யார் யார் என்று தாமே சொல்லிவிடுவர்.

மூவோ ஏறத்தாழ மூன்று வாரம் அங்கே தங்கினார். மண்டபங்களை அளந்தார், படிகளை எண்ணினார், கோபுரங்களை வரைந்தார். அருகிலுள்ள அங்கோர் தோம் என்னும் மதில் நகரையும் சுற்றிப் பார்த்தார். கல்லைப் பிளந்து வேரூன்றிய மரங்களையும், சரிந்து கிடந்த கூரைகளையும் கண்டு உள்ளம் நைந்தார். இக்கோயில் கிரேக்கரும் உரோமரும் விட்டுச் சென்ற எதனினும் மாண்புடையது என்று எழுதினார். ஐரோப்பாவே உலகிற்கு அறிவூட்டியது என்று அவர் நாட்டார் பலர் இறுமாந்திருந்த காலத்தில் இவ்வாறு எழுதியதற்காகவே அவரை நாம் போற்றலாம்.

இதனைக் கட்டியவர் யார் என்று ஊராரை வினவினார். தேவர்கோன் கட்டினான் என்றார் ஒருவர். பூதங்கள் கட்டின என்றார் மற்றொருவர். தொழுநோயுற்ற மன்னன் கட்டினான் என்றும், தானே முளைத்தது என்றும் பிறர் கூறினர். மூவோவும் தம் பங்கிற்குத் தவறினார். பழைய பகுதிகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று கணித்தார். உண்மையில், அவர் கண்ட நாளில் அங்கோர் வாட்டின் அகவை சற்றேறக்குறைய எழுநூறே. கல்வெட்டுகளைப் பிற்கால அறிஞர் படித்தறிந்த பின்னரே இக்கணக்குத் தெளிவாயிற்று.

பிழை இன்னொன்றும் உண்டு. அது மூவோ செய்த பிழையன்று. காட்டில் மறைந்து கிடந்த அங்கோரை அவரே கண்டுபிடித்தார் என்று பல நூல்களில் எழுதிவிட்டனர். நானும் சிறுவயதில் அவ்வாறே படித்தேன். அங்கோர் வாட் ஒருநாளும் தொலைந்து போனதில்லை. திருமால் கோயிலாய்த் தோன்றியது பின்னர்ப் பௌத்தப் பள்ளியாயிற்று. மூவோ சென்ற நாளிலும் துறவியர் அங்கே வாழ்ந்தனர், மக்கள் வழிபட்டனர். 1296ஆம் ஆண்டிலேயே சீனத் தூதுக்குழுவினரான சௌ தாகுவான் அங்கோர் நகருக்கு வந்து, திரும்பியபின் அதன் சிறப்பை எழுதினார். 1632ஆம் ஆண்டில் வந்த ஜப்பானிய அடியார் ஒருவர் கோயில் தூணிலே தம் வருகையை எழுதிச் சென்றார். பிரெஞ்சுப் பாதிரியார் பூயிவோ 1850இலேயே கண்டு சென்றார். விளக்கேற்றி வணங்கும் மக்கள் இருக்கும்போதே ஒரு கோயிலைக் கண்டுபிடித்ததாகக் கூறுவது எங்ஙனம்?

ஆயினும் மூவோவின் எழுத்து செய்ததை முந்தியோரின் எழுத்து செய்யவில்லை. அவருடைய ஓவியங்களும் வருணனையும் படிப்பவரை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தின. அவ்வேடுகள் உலகின் கைக்கு வந்த வரலாறுதான் நெஞ்சை உருக்குவது.

அங்கோரிலிருந்து பேங்காக் திரும்பிய மூவோ, ஓய்வு கொள்ளாமல் லாவோஸ் நாட்டிற்குப் புறப்பட்டார். தீக்கோன் காடு என்று பெயர் பெற்றதும், காய்ச்சலுக்கு அஞ்சி மக்கள் நடுங்கியதுமான கொடுங்காட்டைக் கடந்தார். இதற்கிடையே இடிபோன்ற செய்தியொன்று வந்தது. அவர் அரும்பாடுபட்டுத் திரட்டி அனுப்பிய பெட்டிகளை ஏற்றி வந்த நீராவிக் கப்பல், சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வாயிலிலே மூழ்கிவிட்டதாம்! நெடுநாள் உழைப்பு நம் கடலடியிற் போயிற்று. அவரோ திரும்பவில்லை, மேலும் வடக்கே நடந்தார்.

1861ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லுவாங் பிரபாங் நகரை அடைந்தார். அக்டோபர் 19ஆம் நாள் காய்ச்சல் கண்டது. பத்து நாள் சென்றபின், இறைவனின் இரக்கத்தை வேண்டிக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். அதுவே கடைசி வரி. நவம்பர் 10ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதில், நாம் கான் ஆற்றங்கரைக் காட்டில் அவர் உயிர் பிரிந்தது.

மனைவியும் உடன்பிறந்தாரும் கடல் கடந்த தொலைவில். அருகிருந்தவர் பிராயும் டெங்கும். தலைவர் இறந்தபின் பெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டு அவர்கள் தத்தம் வழியே போயிருக்கலாம், கேட்பார் யார்? அவர்களோ ஆற்றங்கரையிலே அவரை நல்லடக்கம் செய்தனர். குறிப்பேடுகளையும் ஓவியங்களையும் வண்டுப் பெட்டிகளையும் கட்டி எடுத்துக்கொண்டு, அதே காடுகளையும் ஆறுகளையும் கடந்து பேங்காக் சேர்த்தனர். அங்கிருந்து அவை மூவோவின் குடும்பத்தாரை அடைந்தன. 1863ஆம் ஆண்டில் பாரிஸ் இதழொன்றில் அவர் பயணக் குறிப்புகள் வெளிவந்தன; மறு ஆண்டில் ஆங்கில நூலும் வந்தது. அவற்றைப் படித்த அறிஞர் பலர் அங்கோரை நாடினர். அப்பெட்டிகளிலிருந்த உயிரினங்களை ஆராய்ந்தவர்கள், ஓர் ஆமை இனத்திற்கும் ஒரு வண்டினத்திற்கும் மூவோவின் பெயரையே இட்டனர்.

1867ஆம் ஆண்டு மேகோங் ஆற்றை ஆராய வந்த பிரெஞ்சுக் குழுவினர் அவர் கல்லறைமேல் நினைவுச் சின்னம் எழுப்பினர். ஆற்று வெள்ளம் அதனை அழித்தது. 1887இல் மீண்டும் கட்டினர். பின்னர்க் காடு வளர்ந்து அதனை மூடிக்கொண்டது. அங்கோரின் சுவர்களில் வேர்விட்டிருந்த மரங்களைக் கண்டு வருந்தியவரின் கல்லறையை, 1989ஆம் ஆண்டில் புதர்களை விலக்கித்தான் மீண்டும் காண வேண்டியிருந்தது.