தொடாமல் வாசித்த கிளாரா

எலக்ட்ரானிக் மியூசிக்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவாங்க? ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லேப்டாப்புக்குப் பின்னால் நிற்கும் டிஜேதானே? இந்தக் கட்டுரையில் நீங்கள் சந்திக்கப் போகிறவர் அந்த ரகம் இல்லை. டிரான்சிஸ்டரே கண்டுபிடிக்கப்படாத காலத்தில், வெறும் வால்வுகளால் ஆன ஒரு மின்கருவியோடு மேடையேறி, பெரிய ஆர்கெஸ்ட்ராக்களுக்கு முன்னால் நின்று வாசித்தவர். பெயர் கிளாரா ராக்மோர்.

1911 மார்ச் 9 அன்று, அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த வில்னியஸ் நகரத்தில் பிறந்தார். வீட்டுப் பெயர் கிளாரா ரைசன்பெர்க். அக்கா நாடியா பியானோ, தங்கை கிளாரா வயலின். நாலு வயதிலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நாலு வயசுல நாம என்ன பண்ணிட்டு இருந்தோம்னு யோசிச்சுப் பாருங்க! லியோபோல்ட் அவர் என்ற புகழ்பெற்ற வயலின் ஆசிரியரிடம் படித்தார். புரட்சி, பஞ்சம் எல்லாம் தாண்டி 1921ல் குடும்பம் நியூயார்க் வந்து சேர்ந்தது.

வயலின்தான் வாழ்க்கை என்று இருந்தபோது கை வலி ஆரம்பித்தது. சின்ன வயதில் சரியான சாப்பாடு இல்லாததால் எலும்புகள் பலவீனமாகியிருந்தன. வில்லைப் பிடிக்கும் கை ஒத்துழைக்க மறுத்தது. டீன்ஏஜிலேயே வயலினைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அதுவரை போட்ட உழைப்பு மொத்தமும் வீண் என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் லெவ் தெர்மன் நியூயார்க்கில் இருந்தார். அமெரிக்காவில் அவரை லியோன் தெரமின் என்பார்கள். ரஷ்ய இயற்பியலாளர். 1920 வாக்கில் அவர் உருவாக்கிய கருவிக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1922ல் லெனினுக்கே அதை வாசித்துக் காட்டியவர். 1927 கடைசியில் அமெரிக்கா வந்து, அடுத்த வருடமே அங்கே பேட்டன்ட் வாங்கினார்.

தெரமின் எப்படி வேலை செய்கிறது? இசிஇ பசங்களுக்கு இது ரொம்ப ஈஸி. உள்ளே இரண்டு ஆஸிலேட்டர்கள். ஒன்றின் அதிர்வெண் மாறாது. இன்னொன்று செங்குத்தான ஒரு ஆன்டெனாவோடு இணைந்திருக்கும். அந்த ஆன்டெனா கெப்பாசிட்டரின் ஒரு தகடு என்றால், உங்கள் கைதான் இன்னொரு தகடு. கை கிட்டே போனால் கெப்பாசிட்டன்ஸ் கூடும், அந்த ஆஸிலேட்டரின் அதிர்வெண் குறையும். இரண்டும் நம் காதுக்கு எட்டாத அதிர்வெண்கள். ஆனால் இரண்டையும் கலந்தால் கிடைக்கும் வித்தியாசம் காதுக்குக் கேட்கும். உதாரணத்துக்கு, ஒன்று 1,70,000 ஹெர்ட்ஸ், இன்னொன்று 1,69,560 ஹெர்ட்ஸ் என்றால் ஸ்பீக்கரில் 440 ஹெர்ட்ஸ் வரும். ரேடியோ பாடத்தில் படிக்கும் அதே ஹெட்டரோடைன் தத்துவம்தான். இடது கைக்கு வளையம் மாதிரி இன்னொரு ஆன்டெனா. கையை அதன் பக்கம் கொண்டு போனால் சத்தம் குறையும், தூக்கினால் கூடும்.

படிக்க ஈஸி, வாசிக்கத்தான் கஷ்டம். வயலினில் விரல் அழுத்த ஒரு பலகையாவது இருக்கிறது. இங்கே தொட்டுப் பார்க்க எதுவுமே கிடையாது. கை ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் உள்ள எல்லா ஒலியும் வழுக்கிக்கொண்டு வரும். கை மட்டும் இல்லை, தலையை அசைத்தாலும் சுதி விலகும். ஆர்சிஏ கம்பெனி 1929ல் இதை வீட்டுக்கு வீடு விற்கலாம் என்று கிளம்பியது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். சுமார் 500 கருவிகளோடு கதை முடிந்தது.

கிளாராவுக்கு ஒரு சொத்து இருந்தது: எந்த ஸ்வரத்தையும் கேட்டவுடனே அடையாளம் காணும் காது. வயலின் போனாலும் அது போகவில்லை. தன்னுடைய வழிமுறையைத் தானே உருவாக்கினார். வலது கையை ஓரிடத்தில் நிறுத்தி, விரல்களை மட்டும் ஒவ்வொன்றாக விரித்து மடக்கி ஸ்வரங்களைப் பிடித்தார். இடது கையின் வேகமான அசைவால் நடுவில் வரும் வழுக்கலை வெட்டினார். உடம்பு சிலை மாதிரி நிற்கும், விரல்கள் மட்டும் காற்றில் பேசும்.

இப்போது நாம் கவனிக்க வேண்டிய இடம். கருவியில் சில மாற்றங்கள் வேண்டும் என்று தெரமினிடம் அவர் கேட்டார். ஒன்று, மூன்று ஆக்டேவ் போதாது, ஐந்து வேண்டும். இரண்டு, வால்யூம் ஆன்டெனா இன்னும் வேகமாகப் பதில் சொல்ல வேண்டும். மூன்று, பெட்டியின் உயரத்தைக் குறைக்க வேண்டும், பார்வையாளர்கள் தன்னைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் இசைக்கான ஸ்பெசிஃபிகேஷன். மூன்றாவது முழுக்க முழுக்க ஆடியன்ஸுக்கானது. தெரமினும் அப்படியே ஒரு கருவியைச் செய்து கொடுத்தார்.

ஏன் அது முக்கியம்? கிதார் வாசிப்பவரின் கை கம்பியைத் தட்டுவதைப் பார்க்கிறோம், சத்தம் கேட்கிறது. காரணமும் விளைவும் கண் முன்னால் இருக்கிறது. மின்கருவியில் சத்தம் எங்கோ சர்க்யூட்டுக்குள் பிறக்கிறது. மேடையில் ஒருவர் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அவர் வாசிக்கிறாரா, ப்ளே பட்டனை அழுத்திவிட்டு நிற்கிறாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் கைதட்டல் பாட்டுக்குப் போகும், வாசிப்பவருக்குப் போகாது. கிளாராவிடம் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. விரல் அசைந்தால் ஸ்வரம் மாறியது, கை நடுங்கினால் அதுவும் கேட்டிருக்கும். தப்பு நடக்க வாய்ப்பு இருக்கிறது என்று ஹாலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் நடக்காதபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

1934ல் நியூயார்க் டவுன் ஹாலில் கச்சேரி செய்தார். பாடகர் பால் ரோப்சனோடு சேர்ந்து அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். 1945ல் அனிஸ் ஃபுலைஹான் இவருக்காகவே எழுதிய தெரமின் கன்சர்ட்டோவை, ஸ்டோகோவ்ஸ்கி நடத்திய ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார். அதே காலத்தில் ஹாலிவுட் தெரமினைப் பேய்க்கும் விண்வெளிக்கும் பின்னணியாக்கியது. கிளாரா வயலினில் வாசித்திருக்கக்கூடிய கிளாசிக்கல் இசையையே அதிலும் வாசித்தார்.

தெரமின் அவரைக் காதலித்தார், பலமுறை திருமணம் செய்யக் கேட்டார். கிளாரா மணந்தது ராபர்ட் ராக்மோர் என்ற வக்கீலை. 1938ல் தெரமின் சோவியத் நாட்டுக்குத் திரும்பி, கைதாகி, கோலிமா முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிறகு சிறை ஆய்வுக்கூடத்தில் வேலை. 1962ல் கிளாரா மாஸ்கோ போனபோதுதான் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். 1991ல் நியூயார்க்கில் இன்னொரு முறை.

இவ்வளவு கச்சேரி செய்தவரின் முதல் ஆல்பம் வந்தது 1977ல், 66 வயதில். தயாரித்தவர் பாப் மூக். சின்தசைசர் உலகில் எல்லோருக்கும் தெரிந்த அதே மூக், பள்ளி வயதிலேயே தெரமின் செய்து பார்த்தவர். ஆல்பத்தில் பியானோ அக்கா நாடியா. 1998 மே 10 அன்று கிளாரா நியூயார்க்கில் இறந்தார்.

அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு சென்சாரும் ஆர்டுயினோவும் வைத்து ஏதாவது மியூசிக் ப்ராஜெக்ட் செய்யப் போறீங்கன்னா, கோடிங்கை முடித்தவுடனே நிறுத்திடாதீங்க. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் கை தெரியுமா, கை அசைந்ததால்தான் சத்தம் மாறியது என்று புரியுமா என்று பாருங்கள். கிளாரா செயின்ட்-சான்ஸின் ‘ஸ்வான்’ வாசிக்கும் வீடியோ யூடியூபில் இருக்கிறது. முதல் தடவை மியூட் பண்ணிட்டு விரல்களை மட்டும் பாருங்க. ரெண்டாவது தடவை சத்தத்தோட பாருங்க.