கணக்குப் பேராசிரியர் ஷ்மாலன்பாக்

எஞ்சினியரிங் படித்தவனுக்குக் கணக்குப் பதிவியல் பேராசிரியரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். படிக்கிற காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குப் போன புதிதில் ஒரு உதிரிபாகத்துக்கு அடக்கவிலை போடச் சொன்னார்கள். விழி பிதுங்கிவிட்டது. அப்போது அறிமுகமானவர்தான் ஜெர்மனியின் ஓய்கன் ஷ்மாலன்பாக்.

1873-இல் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் ஹால்வர் என்ற ஊரை அடுத்துப் பிறந்தார். தந்தை சிறிய அளவில் இரும்புச் சாமான் தயாரித்தவர். 1898-இல் லைப்சிக் நகரில் வணிகக் கல்லூரி தொடங்கியதும் அதன் முதல் மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்தார். பிறகு கொலோன் நகர வணிகக் கல்லூரியில் பேராசிரியரானார். 1906-இல் வணிகவியல் ஆய்வுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார்.

அவர் ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ள நம் ஹாஸ்டல் மெஸ்ஸே போதும். சாப்பிடுகிறவர் முந்நூறு பேரானாலும், லீவில் நூறு பேரானாலும் சமையல்காரர் சம்பளம் மாறாது. அரிசி, பருப்புச் செலவோ தலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும். இந்த நிலையான செலவையும் மாறும் செலவையும் பிரித்துப் பார்க்காமல் விலை வைத்தால் தொழில் படுத்துவிடும் என்பதை அவர் விடாமல் சொல்லிக்கொடுத்தார்.

1919-இல் அவர் வெளியிட்ட இயங்குநிலை இருப்புநிலைக் குறிப்புக் கோட்பாடு பெரும் பேர் பெற்றது. சொத்தை இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்று சொல்வது இருப்புநிலைக் குறிப்பின் முதல் வேலை இல்லை, தொழில் எப்படி ஓடுகிறது, லாபம் கூடுகிறதா குறைகிறதா என்று காட்டுவதே அதன் வேலை என்றார். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மெஷினில் மாட்டிய மீட்டர் மாதிரி. 1927-இல் கணக்குத் தலைப்புகளை வகைப்படுத்தி எண் கொடுக்கும் பொதுச் சட்டகத்தையும் வகுத்தார்.

1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். அவருடைய மனைவி மரியான் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஆண்டே பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். வேடிக்கை என்னவென்றால், 1937-இல் அதே அரசு கொண்டுவந்த கணக்குச் சட்டகத்துக்கு அடிப்படை இவர் வகுத்ததுதான். எழுதியதை எடுத்துக்கொண்டார்கள், எழுதியவர் வீட்டில் மட்டும் நிம்மதி இல்லை.

1944-இல் நிலைமை உயிருக்கே ஆபத்து என்றானது. கணவனும் மனைவியும் தலைமறைவானார்கள். அடைக்கலம் கொடுத்தவர், முன்பு அவரிடம் உதவியாளராக இருந்த ஒருவர். பிடிபட்டால் தன் கதி என்ன என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் கதவைத் திறந்தார். 1945-இல் போர் முடிந்தபோது இருவரும் உயிரோடு இருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஷ்மாலன்பாக் மறுபடி கொலோனில் பாடம் நடத்த வந்தார். 1955-இல் காலமானார்.

அவர் மாணவர்கள் 1932-இலேயே அவர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய சங்கம் ஜெர்மனியில் இன்றும் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை கூடி, டிபன் சாப்பிட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைகிறோம். அது வேண்டியதுதான். ஆனால் நமக்குப் பாடம் சொன்னவர் ஒருநாள் கஷ்டத்தில் நம் வாசலில் வந்து நின்றால், கதவு திறக்குமா? இந்த ஒரு கேள்வியையும் மனதில் வைத்துக்கொண்டு இந்த வருஷம் வீடு திரும்புவோம்.