காயலான் கடைக்குத் தப்பிய பற்சக்கரங்கள்



தபால்தலை சேர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். பழைய நாணயம், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். பழைய கம்ப்யூட்டர்களின் பிராசசர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள், தெரியுமா?

பிராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. கூட்டல், கழித்தல், ஒப்பிட்டுப் பார்த்தல் எல்லாம் அதற்குள்தான் நடக்கின்றன. நகத்தளவு சிலிக்கான் சில்லு, அதைக் காக்க ஓர் உறை, பூரான் கால்களைப் போல வரிசையாகக் கம்பிகள். பார்ப்பதற்கு அவ்வளவுதான்! ஆனால் சில அபூர்வமான பழைய பிராசசர்களுக்காகச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள்.

இந்தப் பிராசசர் குடும்பத்தின் கொள்ளுத் தாத்தா யார் என்று கேட்டால் வியப்பீர்கள். அது சில்லே அல்ல. வெண்கலமும் எஃகும் கொண்டு திட்டமிடப்பட்ட பற்சக்கர இயந்திரம்! அதைக் கனவு கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் பாபேஜ். அவருடைய இயந்திரப் பாகங்களில் பெரும்பகுதி பழைய உலோகமாக உருக்கப்பட்டுவிட்டது. மிச்சத்தை ஒருவர் பத்திரமாகச் சேர்த்து வைத்தார். அதனால் என்ன நன்மை விளைந்தது? கதையைக் கேளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

சார்லஸ் பாபேஜ் 1791-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை வங்கித் தொழில் செய்தவர். புது பொம்மை கிடைத்தால் சிறுவன் சார்லஸ் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அம்மாவைக் கேட்பான். பதில் சரியாக இல்லையென்றால் பொம்மையை உடைத்தே பார்த்துவிடுவான்!

ஒருநாள் அம்மா அவனை ஓர் இயந்திரக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றார். மெர்லின் என்ற கைவினைஞர் நடத்திய கண்காட்சி அது. சிறுவனின் ஆர்வத்தைக் கண்ட மெர்லின், மாடியிலிருந்த தமது பட்டறைக்கே அவனைக் கூட்டிப்போனார். அங்கே ஏறத்தாழ ஓர் அடி உயரமுள்ள வெள்ளிப் பதுமைகள் இரண்டு இருந்தன. அவற்றில் ஒன்று நடனப் பெண். அவள் விரலில் ஒரு பறவை. அது வாலை ஆட்டும், சிறகடிக்கும், அலகைத் திறக்கும். சார்லஸ் சொக்கிப்போனான்.

ஆண்டுகள் உருண்டன. 1834-இல் அதே நடனப் பதுமை பழுதடைந்த நிலையில் ஏலத்துக்கு வந்தது. இப்போது பாபேஜ் பெரிய கணித மேதை. ஓடிப்போய் 35 பவுண்டுக்கு அதை வாங்கினார். தம் கையாலேயே பழுது பார்த்து, உடை உடுத்தி, வீட்டு வரவேற்பறையில் நிற்க வைத்தார். பழையது, உடைந்தது என்று அவர் ஒதுக்கவில்லை. ஏன் தெரியுமா? அதன் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

பிழையான வாய்பாடு

பாபேஜ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார். ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் அவருடைய ஆருயிர் நண்பர். 1821-இல் நண்பர்கள் இருவரும் வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்குலேட்டர் இல்லாத காலம் அது. கப்பலோட்டிகள், பொறியாளர்கள், வங்கிக்காரர்கள் எல்லாரும் அச்சிட்ட அட்டவணைப் புத்தகங்களையே நம்பியிருந்தார்கள். அந்தக் கணக்குகளைப் போட்டவர்கள் மனிதர்கள். எனவே பக்கத்துக்குப் பக்கம் பிழைகள்! கப்பலோட்டியின் அட்டவணையில் ஓர் எண் தவறினால், கப்பல் பாறையில் மோதவும் கூடும்.

பிழைகளைக் கண்டு சலித்துப்போனார் பாபேஜ். இந்தக் கணக்கையெல்லாம் நீராவி இயந்திரமே போட்டுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை, வழியையும் கண்டுபிடித்தார்.

அந்த வழியை நீங்களே செய்து பார்க்கலாம். நோட்டும் பென்சிலும் எடுங்கள். வர்க்க எண்களை எழுதுங்கள்: 1, 4, 9, 16, 25. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் என்ன? 3, 5, 7, 9. அந்த எண்களுக்குள் வித்தியாசம்? 2, 2, 2. எப்போதும் 2-தான்! இப்போது பெருக்காமலே 6-இன் வர்க்கத்தைக் கண்டுபிடியுங்கள். 9-உடன் 2-ஐக் கூட்டினால் 11. அந்த 11-ஐ 25-உடன் கூட்டினால் 36. சரிதானே? இப்படியே கூட்டிக்கொண்டே போனால் எவ்வளவு நீண்ட அட்டவணையையும் எழுதிவிடலாம்.

கூட்டல் மட்டும் போதும் என்றால் பற்சக்கரங்களே அதைச் செய்துவிடுமே! ஒவ்வொரு சக்கரத்திலும் 0 முதல் 9 வரை எண்கள். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு வரிசைச் சக்கரங்களின் எண் அடுத்த வரிசையோடு கூடும். 9-ஐத் தாண்டினால் மிச்சம் பக்கத்துச் சக்கரத்துக்குப் போகும். நீங்கள் வகுப்பில் கையிருப்பு ஒன்று என்று சொல்வதைச் சக்கரம் செய்யும். இதற்கு வித்தியாச இயந்திரம் என்று பெயர்.

பாதியில் நின்ற பணி

1822-இல் பாபேஜ் ஒரு சிறிய மாதிரியைச் செய்து காட்டினார். 1823-இல் இங்கிலாந்து அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. ஜோசப் கிளமென்ட் என்ற திறமையான பொறியாளர் பாகங்களைச் செய்தார். மொத்தம் சுமார் 25,000 பாகங்கள் தேவை. ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும்.

இதற்கிடையே இடிமேல் இடி. 1827-ஆம் ஆண்டில் பாபேஜின் தந்தை, அன்பு மனைவி ஜார்ஜியானா, இரண்டு மகன்கள் என்று நான்கு பேர் மறைந்தார்கள். உடைந்துபோன பாபேஜ் ஐரோப்பாவில் பயணம் செய்து, மனத்தைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். மீண்டும் பட்டறைக்குப் போனார்.

1832-இல் இயந்திரத்தின் ஒரு சிறு பகுதி தயாரானது. அதில் சுமார் 2,000 பாகங்கள் இருந்தன. அது பிசகாமல் கணக்குப் போட்டது! ஆனால் பணம் பற்றிப் பாபேஜுக்கும் கிளமென்டுக்கும் தகராறு மூண்டு, 1833-இல் வேலை நின்றது. 1842-இல் அரசும் கையை விரித்துவிட்டது. அதற்குள் சுமார் 17,500 பவுண்டு செலவாகியிருந்தது. செய்து வைத்திருந்த 12,000 பாகங்களில் பெரும்பாலானவை பின்னாளில் பழைய உலோகமாக உருக்கப்பட்டன.

தறி கற்றுத் தந்த பாடம்

பாபேஜ் சோர்ந்து உட்காரவில்லை. 1834-இலேயே இன்னொரு பெரிய கனவு அவருக்கு வந்துவிட்டது. ஒரே வகைக் கணக்கு மட்டுமல்ல, நாம் கட்டளையிடும் எந்தக் கணக்கையும் போடும் இயந்திரம்! அதற்குப் பகுப்பாய்வு இயந்திரம் என்று பெயரிட்டார்.

அதில் எண்களைச் சேமிக்க ஒரு பகுதி. அதற்குக் கிடங்கு என்று பெயர். கணக்குப் போட ஒரு பகுதி. அதற்கு ஆலை என்று பெயர். மாவு ஆலையில் தானியம் போய் மாவாக வருவதுபோல, எண்கள் போய் விடையாக வரும். இன்றைய கம்ப்யூட்டரில் கிடங்குதான் நினைவகம்; ஆலைதான் பிராசசர்!

கட்டளைகளை எப்படிக் கொடுப்பது? காஞ்சிபுரம், ஆரணிப் பக்கம் பட்டுத் தறிகளின் மேலே துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோல் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு கண்டுபிடித்த முறை. எந்த நூல் மேலே எழவேண்டும் என்பதை அட்டையின் துளைகள் சொல்லும். பாபேஜ் தமது இயந்திரத்துக்கும் அதே அட்டைகளைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டிலே நெய்த படம் ஒன்றையும் வாங்கி வீட்டில் மாட்டினார். அந்தப் படத்தை நெய்ய மட்டும் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டனவாம்!

சனிக்கிழமை மாலைகளில் பாபேஜ் வீட்டில் விருந்து நடக்கும். சார்லஸ் டார்வின் போன்ற பெரியவர்கள் வருவார்கள். பெரும்பாலானவர்கள் வெள்ளிப் பதுமையின் நடனத்தைச் சுற்றி நின்று ரசிப்பார்கள். பக்கத்து அறையிலிருந்த கணக்கு இயந்திரத்தைப் பார்க்கச் சிலரே போவார்கள். 1833-இல் அந்த இயந்திரத்தைப் பார்த்து அதன் அழகைப் புரிந்துகொண்டவர் 17 வயதுப் பெண் அடா. கவிஞர் பைரனின் மகள். பின்னாளில் அடா லவ்லேஸ் என்று புகழ்பெற்ற அவர், 1843-இல் பகுப்பாய்வு இயந்திரத்தைப் பற்றி அருமையான விளக்கக் குறிப்புகள் எழுதினார்.

ஆனால் அந்த இயந்திரம் முழுமையாகச் செய்யப்படவே இல்லை. அதன் ஆலையின் ஒரு சிறு மாதிரி பட்டறையில் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் 1871 அக்டோபர் 18-ஆம் நாள் பாபேஜ் மறைந்தார்.

மகன் சேர்த்த புதையல்

படங்கள், பாகங்கள் அனைத்தும் மகன் ஹென்றி கையில் வந்தன. ஹென்றி பாபேஜ் இந்தியாவில் வங்காளப் படையில் அதிகாரியாக இருந்தவர். சிறுவயதில் அப்பாவின் பட்டறையில் பழகியவர் என்பதால், எந்தச் சக்கரம் எதற்கு என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது உடைசல். அவருக்கு அது பொக்கிஷம்.

வித்தியாச இயந்திரத்தின் மிச்சப் பாகங்களைக் கொண்டு சில சிறு மாதிரிகளைக் கோத்தார் ஹென்றி. அவற்றைக் கேம்பிரிட்ஜ், லண்டன், அமெரிக்காவின் ஹார்வர்டு ஆகிய இடங்களிலுள்ள கல்வி நிலையங்களுக்கு அனுப்பி வைத்தார். 1889-இல் அப்பாவின் இயந்திரங்களைப் பற்றிய கட்டுரைகளையும் குறிப்புகளையும் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். ஆலையின் ஒரு பகுதியையும் விடாமுயற்சியோடு செய்து 1910-இல் முடித்தார்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். ஹார்வர்டுக்குப் போன மாதிரி பல ஆண்டுகள் அங்கே தூசி படிந்து கிடந்தது. 1937-ஆம் ஆண்டு வாக்கில், ஹோவர்டு எய்க்கன் என்ற ஆராய்ச்சி மாணவர் தானாகக் கணக்குப் போடும் பெரிய இயந்திரம் ஒன்றைச் செய்ய விரும்பினார். அதுபோல ஒன்று பரணிலே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது. போய்ப் பார்த்தால், பாபேஜின் சக்கரங்கள்! தமக்கு முன்பே ஒருவர் இந்தப் பாதையில் நடந்திருக்கிறார் என்று அறிந்த எய்க்கனுக்கு உற்சாகம் பொங்கியது. 1944-இல் ஐபிஎம் நிறுவனத்தின் உதவியோடு ஹார்வர்டு மார்க் 1 என்ற 51 அடி நீள இயந்திரம் இயங்கத் தொடங்கியது.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். பாபேஜ் வரைந்து வைத்த இரண்டாம் வித்தியாச இயந்திரத்தின் படங்களும் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பார்த்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அந்த இயந்திரத்தைச் செய்தது. பாபேஜ் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 1991-இல் கைப்பிடியைச் சுற்றினார்கள். 31 இலக்கம் வரை சரியான விடை வந்தது! பாபேஜின் கணக்கு தப்பவில்லை என்று உலகம் கண்டுகொண்டது.

நாம் என்ன செய்யலாம்?

பாபேஜ் மறைந்து 100 ஆண்டும் சில வாரங்களும் கழிந்தபோது, 1971 நவம்பரில் இன்டெல் 4004 என்ற பிராசசர் விற்பனைக்கு வந்தது. அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஒரே சில்லுக்குள் அடங்கி விற்பனைக்கு வந்த முதல் பிராசசர்களில் புகழ்பெற்றது இதுதான். வெள்ளைப் பீங்கான் உறையும் தங்க முலாமும் கொண்ட முதல் கால 4004, இன்று சேகரிப்பாளர்களின் கண்மணி.

ஆனால் அந்தத் தங்க முலாமே பழைய பிராசசர்களுக்கு எமனாகவும் இருக்கிறது. கொஞ்சம் தங்கத்துக்காக அவற்றை எடைக்கு வாங்கி அமிலத்தில் கரைத்துவிடுகிறார்கள். பாபேஜின் சக்கரங்களை உருக்கிய கதை மீண்டும் நடக்கிறது!

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் கடையிலோ பழைய கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போகிறதா? பெரியவர்களிடம் கேட்டு, அவர்களையே பிராசசரைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள், கால்களை வளைத்துவிடாதீர்கள். தெர்மாகோலில் குத்தி வைக்காதீர்கள். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுத்துவிடும். மேலே அச்சிட்ட எண்களைப் படியுங்கள். பல சில்லுகளில் நான்கு இலக்கத்தில் தேதிக் குறியீடு இருக்கும். 9423 என்றால் 1994-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். தங்கம் எடுக்கிறேன் என்று அமிலத்தின் பக்கம் மட்டும் போகவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

ஒரு முக்கியமான வேலை பாக்கி. சில்லின் பெயர், ஆண்டு, எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது, யார் கொடுத்தார்கள் என்று சிறு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். சீட்டு இல்லாத பொருள் நாளைக்கு வெறும் குப்பை. ஹென்றி சக்கரங்களை மட்டும் சேர்க்கவில்லை. அவற்றின் கதையையும் சேர்த்து வைத்தார். அதனால்தான் பாபேஜின் பெயர் இன்று உங்கள் பாடப்புத்தகம் வரை வந்திருக்கிறது.

என்ன, இன்றைக்கே ஒரு பெட்டியும் சில சீட்டுகளும் எடுத்து வைக்கிறீர்களா?