டிட்டுபா: ஒப்புக்கொண்டதால் உயிர் பிழைத்த அடிமை

ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நாடகம் 1953 ஜனவரியில் நியூயார்க்கில் அரங்கேறியது. கம்யூனிஸ்டு வேட்டை என்ற பெயரில் அமெரிக்காவில் நடந்த விசாரணைகளுக்கு எதிர்வினையாக, 1692இல் நடந்த சூனிய வழக்குகளை மில்லர் கையிலெடுத்தார். இறுதிக் காட்சியில் ஜான் ப்ராக்டர் என்னும் விவசாயி, பொய்யாக எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்குச் செல்கிறான். அந்தத் தாள் ஊரார் பார்வைக்கு வந்தால் தன் பெயர் அழிந்துவிடும் என்பதே அவன் கவலை. நாடகத்தைக் கல்லூரியில் படிப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரைப் பற்றியே கட்டுரை எழுதுகிறார்கள். முதல் அங்கத்திலேயே, சவுக்கடிக்கும் தூக்குக்கும் அஞ்சி ஒப்புக்கொள்ளும் அடிமைப் பெண்ணுக்கு ஓரிரு வரிகள்கூடக் கிடைப்பதில்லை. அவர் பெயர் டிட்டுபா. அவர் கற்பனைப் பாத்திரம் அல்லர்.

இங்கே சேலம் என்பது மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சேலம் கிராமம், இன்றைய டான்வர்ஸ். 1689 முதல் அங்கு மதகுருவாக இருந்தவர் சாமுவேல் பாரிஸ். அதற்கு முன் பார்படோஸ் தீவில் இருந்தவர். டிட்டுபாவும் அங்கிருந்தே கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர்களில் பலரது கருத்து. அவருடைய பிறந்த ஊரையோ பெற்றோரையோ எந்த ஆவணமும் குறிப்பிடவில்லை. குடும்பப் பெயரும் இல்லை. நீதிமன்றத் தாள்களில் ‘இந்தியன்’ என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடி என்பது அதன் பொருள். அதே வீட்டில் அடிமையாக இருந்த, அவருடைய கணவர் எனக் கருதப்படும் ஜானுக்கும் அதே ஒட்டுத்தான். இன அடையாளமே பெயராக எழுதப்படுவதன் பொருளை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1641இலேயே மாசசூசெட்ஸ் தன் சட்டத் தொகுப்பில் அடிமைமுறைக்கு இடம் கொடுத்துவிட்டது. சூனியத்திற்கு மரண தண்டனை விதித்ததும் அதே தொகுப்புத்தான்.

1692 ஜனவரியில் பாரிஸின் ஒன்பது வயது மகள் பெட்டிக்கும் பதினொரு வயது உறவுப் பெண் அபிகெய்ல் வில்லியம்ஸுக்கும் வலிப்பு போன்ற நோய் கண்டது. குழந்தைகள் கதறினார்கள், உடலை முறுக்கினார்கள். மருத்துவம் பயன் தரவில்லை. பிப்ரவரி இறுதியில் பக்கத்து வீட்டு மேரி சிப்லி ஒரு நாட்டுப்புறச் சோதனையைச் சொல்லிக் கொடுத்தார்: குழந்தைகளின் சிறுநீரைக் கம்பரிசி மாவில் கலந்து அப்பம் சுட்டு நாய்க்குப் போட்டால் சூனியம் வைத்தவர் யாரென்று தெரியும். இது இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளையர்களின் நம்பிக்கை. பாரிஸின் சபைக் குறிப்பு, சிப்லியின் சொற்படி அப்பத்தைச் செய்தவர் ஜான் என்கிறது. அக்காலத்து வேறு குறிப்புகள் ஜானையும் டிட்டுபாவையும் சேர்த்துச் சொல்கின்றன. பிற்காலக் கதைகளிலோ அப்பம் டிட்டுபாவின் கைக்கு மட்டும் வந்துவிட்டது, சிப்லி காணாமற்போனார்.

மார்ச் 27 அன்று பாரிஸ் தேவாலயத்தில் சிப்லியைக் கண்டித்தார். சிப்லி தன் பிழையை ஏற்று வருந்தினார், சபையும் மன்னித்தது. அவர் வீடு திரும்பினார். அந்நாளில் டிட்டுபா பாஸ்டன் சிறையில் மூன்றாவது வாரத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 29 அன்று மூன்று பெண்கள் மீது பிடியாணை பிறந்தது. சாரா குட், வீடு வீடாகச் சென்று கையேந்தியவர். சாரா ஆஸ்பர்ன், நோயாளி, தேவாலயத்துக்கு வராதவர், சொத்துத் தகராறில் சிக்கியவர். மூன்றாமவர் டிட்டுபா. எவரும் பரிந்து பேச முன்வராத மூவரை ஊர் முதலில் தேர்ந்தெடுத்தது. வதந்தி கண்மூடித்தனமானது என்பார்கள். யார் மீது விழ வேண்டும் என்பது அதற்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மார்ச் 1 அன்று ஜான் ஹாத்தோர்ன், ஜொனாதன் கார்வின் என்னும் இரு நடுவர்கள் ஊர்க்கூடத்தில் விசாரித்தனர். பதிவாகியுள்ள கேள்விகளைப் படிக்கும் எந்த வழக்கறிஞருக்கும் அவற்றின் அமைப்பு பழக்கமானதாகவே இருக்கும். குற்றம் நடந்ததா என்று கேட்கவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். டிட்டுபா முதலில் மறுத்தார். பிறகு ஒப்புக்கொண்டார். பாஸ்டனிலிருந்து வந்த உயரமான, கறுப்புடை அணிந்த மனிதன், மஞ்சள் பறவை, சிவப்புப் பூனை, கம்பில் ஏறிப் பயணம் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த மனிதனின் புத்தகத்தில் ஒன்பது குறிகளைக் கண்டதாகவும் சொன்னார். குட், ஆஸ்பர்ன் இருவரையும் அவர் காட்டிக்கொடுத்தார். இதை மறைக்கத் தேவையில்லை. மற்றக் குறிகள் யாருடையவை என்று தெரியவில்லை. ஒன்பது என்ற அந்த எண் போதுமானதாக இருந்தது. எஞ்சியவர்களைத் தேடி ஊர் புறப்பட்டது.

தன்னை அடித்தும் வேறு வகையில் துன்புறுத்தியுமே ஒப்புக்கொள்ளவும் பிறரைக் காட்டவும் எசமானர் செய்தார் என்று டிட்டுபா பின்னர் கூறியதை, பாஸ்டன் வணிகர் ராபர்ட் கேலஃப் 1700இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். எசமானர் வேறு யாருமல்லர், பாதிக்கப்பட்ட குழந்தையின் தந்தையும் அவ்வூரின் மதகுருவும்தான். ஓர் அடிமை மறுத்து நின்றிருந்தால் திரும்பிப் போகவேண்டிய வீடும் அவருடையதே. அவருடைய கதையில் ஆப்பிரிக்க மாந்திரீகத்தைத் தேடியவர்கள் பலர். ஆனால் கம்பும் பூனையும் புத்தகமும் ஆங்கிலேயர்களின் சூனிய நம்பிக்கையில் ஏற்கெனவே இருந்தவை. விசாரித்தவர்கள் எதை எதிர்பார்த்தார்களோ அதை அவர் சொன்னார். இது என் ஊகம்தான். ஆயினும் அறியாமையால் உளறினார் என்பதைவிட, கூர்ந்து கேட்டுப் பழகிய ஒருவரின் சாமர்த்தியம் இது என்று கொள்வதே பதிவுகளோடு பொருந்துகிறது.

அதன்பின் நடந்தவை பலரும் அறிந்தவை. 150க்கும் மேற்பட்டோர் குற்றம் சாட்டப்பட்டனர். ஆவியுருவில் வந்து துன்புறுத்தினார் என்ற சாட்சியத்தைத் தலைமை நீதிபதி ஸ்டவுட்டன் ஏற்றார். 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டனர். வழக்காட மறுத்த முதியவர் கைல்ஸ் கோரி கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டார். ஆஸ்பர்ன் மே மாதம் சிறையில் இறந்தார். குட்டின் கைக்குழந்தையும் சிறையிலேயே இறந்தது. குட் ஜூலை 19 அன்று தூக்கிலிடப்பட்டார். ப்ராக்டர் ஆகஸ்டு 19 அன்று. உண்மையான ப்ராக்டருக்கு அப்போது வயது அறுபது. மில்லர் அவரை முப்பதுகளில் இருப்பவராக்கி, அபிகெய்லை 17 வயதுக் காதலியாக மாற்றினார். மறுத்து நின்றவர்கள் தூக்கில் தொங்கினர். ஒப்புக்கொண்டு அதில் உறுதியாக நின்ற எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஒப்புதலைத் திரும்பப் பெற்ற சாமுவேல் வார்ட்வெல் செப்டம்பர் 22 அன்று தூக்கிலேற்றப்பட்டார். ஆளுநர் ஃபிப்ஸ் அக்டோபரில் அந்தத் தனி நீதிமன்றத்தைக் கலைத்தார்.

அக்காலச் சட்டப்படி விடுதலையானாலும் சிறைச் செலவைக் கட்டினால்தான் வெளியேறலாம். பாரிஸ் கட்ட மறுத்தார். ஓராண்டுக்கும் மேல் சிறையில் கிடந்த டிட்டுபாவை, அந்தச் செலவைக் கொடுத்த ஒருவர் விலைக்கு வாங்கிச் சென்றார். வாங்கியவர் பெயர் பதிவில் இல்லை. அதற்குப் பின் டிட்டுபாவின் பெயரும் இல்லை.

1711இல் குடியேற்ற அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 578 பவுன் 12 ஷில்லிங் இழப்பீடு ஒதுக்கியது. ப்ராக்டர் குடும்பத்துக்கு 150 பவுன். தன் மனைவி சூனியக்காரியாக இருக்கலாம் என்று நீதிமன்றத்திலேயே பேசிய வில்லியம் குட்டுக்கு 30 பவுன். டிட்டுபாவுக்கோ அவர் வழியினருக்கோ எதுவும் இல்லை. அவருடைய அவப்பெயர் மட்டும் வளர்ந்தது. லாங்ஃபெல்லோவின் 1868ஆம் ஆண்டு நாடகம் அவரைக் கறுப்பு மாந்திரீகர் ஒருவரின் மகளாக்கியது. மில்லரின் நாடகத்தில் பார்படோஸின் கறுப்பினப் பெண்ணாகி, காட்டில் சிறுமிகளோடு சேர்ந்து மந்திரம் செய்கிறார். காட்டில் நடந்த அப்படியொரு கூத்துக்கு 1692இன் பதிவுகளில் சான்று இல்லை. அதிகாரம் பெயர்களைக் கேட்டு மிரட்டுவதை எதிர்த்தே மில்லர் எழுதினார். 1956இல் நாடாளுமன்றக் குழுவின் முன் பெயர் சொல்ல மறுத்துத் தண்டனையும் பெற்றார், அது 1958இல் மேல்முறையீட்டில் ரத்தானது. அத்தகைய ஒருவரின் பேனாவிலும் பழி பிறந்த இடம் அடிமைப் பெண்ணின் அடுப்படியாகவே அமைந்தது என்பதை வருத்தத்தோடுதான் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

1957இலும் 2001இலும் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் விடுபட்டவர்களின் பெயர்களைத் துடைத்தது. எலிசபெத் ஜான்சன் என்பவர் 2022இல் விடுவிக்கப்பட்டார். அந்த வரிசையில் டிட்டுபா இடம்பெற வழியில்லை. அவர் தண்டிக்கப்படவே இல்லை, எனவே ரத்து செய்யத் தீர்ப்பும் இல்லை. அவர் மீதான குற்றப் பத்திரிகை 1693 மே 9 அன்று பெருநடுவர் குழுவின் முன் வந்தது. வழக்கைத் தள்ளுவதற்குச் சட்டத்தில் வழங்கிய ஒற்றை லத்தீன் சொல்லை எழுதித் திருப்பி அனுப்பினார்கள். எங்களுக்குத் தெரியவில்லை என்பது அதன் பொருள்.