மணிக்கூண்டு எழுப்பிய வணிகர்

நம் இல்லங்களுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், மட்டாஞ்சேரி யூதத் தெருவைக் காட்டாமல் அனுப்புவதில்லை. 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்தின் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துத் திரும்பிவிடுகிறோம். அதை எழுப்பிய எசக்கியேல் ரகாபியின் வரலாற்றை அறிந்தோர் சிலரே.

ரகாபி குடும்பத்தார் சிரியா நாட்டு அலெப்போ நகரிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் கொச்சிக்குக் குடிவந்தவர்கள். எசக்கியேல் 1694-இல் இவ்வூரிலேயே பிறந்தார். 1663 முதல் கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்தம் கம்பெனியின் தலைமை வணிகராக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எசக்கியேல் விளங்கினார். மிளகு அவர் கைவழியே கப்பலேறியது. குறைந்த விலைக்குத் தனக்கே மிளகை விற்கவேண்டுமென்று கம்பெனி வற்புறுத்தியதால் விளைவித்தோர் நலிந்தனர் என்பதையும் மறைத்தலாகாது.

1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா மன்னர் டச்சுப் படையை வென்றார். மறு ஆண்டே அம்மன்னரிடம் தூது செல்லும் பணி எசக்கியேலுக்கு வாய்த்தது. வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே நம்பத்தக்க மனிதர் கிடைப்பது எளிதன்று. வாக்குப் பிறழ்ந்தால் கம்பெனியின் நம்பிக்கையும் போகும். மன்னரின் நட்பும் போகும். அண்டி வாழும் தம் குலத்தாரும் இடருறுவர். அந்நிலையிலும் அவர் இறுதிவரை நன்மதிப்புக் குன்றாது வாழ்ந்தார்.

பிறர் ஆவணங்களிலும் தம் எபிரேய எழுத்திலேயே கையொப்பமிட்டார். ஹாலந்து நாட்டு அன்பர் ஒருவர் கொச்சி யூதர் வரலாற்றை வினவ, 1768-இல் விரிவான மடல் வரைந்தார். 1760-இல் மணிக்கூண்டை எழுப்பினார். 1762-இல் சீனத்துக் காண்டன் நகரிலிருந்து நீலச் சித்திர ஓடுகளைத் தருவித்து ஆலயத் தரையில் பதித்தார். 1771-இல் மறைந்தார்.

1795-இல் கொச்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. டச்சு வாணிபத்தோடு அக்குடும்பத்தின் செல்வமும் தேய்ந்தது. 1948-இல் இஸ்ரேல் தோன்றியபின் யூதக் குடும்பங்கள் படிப்படியாக அங்குச் சென்றன. வீடுகள் கடைகளாயின. 1968-இல் ஆலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல் தலையும் வெளியாயிற்று.

இரயில்வே ஊழியனாகிய எனக்குக் கடிகாரத்தின் அருமை தெரியும். அது குலம், மொழி பாராமல் யாவர்க்கும் ஒரே நேரம் காட்டுவது. தம் முன்னோர் பிழைக்க வந்த ஊருக்கு அத்தகையதொரு பொதுப்பொருளை ஈந்து, தம் எபிரேய எழுத்தையும் கைவிடாது வாழ்ந்தார் எசக்கியேல். நாமும் பிழைக்க வந்தவர்களே. நாம் இவ்வூருக்கு எதை விட்டுச்செல்வோம் என்பதை இவ்வாண்டு விழாவில் நம் மக்களோடு அமர்ந்து எண்ணிப்பார்ப்போமாக.