இலங்கையின் அப்போஸ்தலர் யோசேவாஸ் அடிகளாரும் புதுமைகளும்

யோசேவாஸ் அடிகளார் என்றதும் எம்மவர் நாவில் முதலில் வருவது கண்டியிலே அவரது செபத்தால் பெய்த மழைதான். மறைக்கல்வி வகுப்பில் சிறு பிள்ளைகளாய் இருந்தபோதே அதைக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் அந்த மழைக்கு முன்னும் பின்னும் அவர் பட்ட பாட்டை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? இப்படியான புதுமைகள் இன்றும் நடக்குமா என்று எம் இளைஞர்கள் கேட்கிறார்கள். நோயாளி உள்ள வீட்டாரும் அதையே கேட்கிறார்கள், ஆனால் கண்ணீரோடு. அதனாலேயே இம்மலரில் அவருடைய சரிதையை எழுதத் துணிந்தோம்.

அடிகளார் 1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் திகதி கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரிற் பிறந்தார். 1676-ல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அவர்கள் கத்தோலிக்க குருக்களைத் துரத்தினார்கள். குருவுக்கு இடங்கொடுப்பவருக்கு மரண தண்டனை என்றும் கட்டளையிட்டார்கள். பூசையுமில்லை, பாவசங்கீர்த்தனமுமில்லை. இந்தச் செய்தி கோவாவிலிருந்த அடிகளாரை உறங்கவிடவில்லை. யோவான் என்னும் பணியாளனோடு தூத்துக்குடி வந்து, 1687-ல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்குக் கப்பலேறினார்.

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த கையோடு இருவரையும் சீதபேதி வாட்டியது. நோய் தொற்றும் என்று அஞ்சி அவர்களை ஊருக்குப் புறம்பே விட்டுவிட்டார்கள். ஒரு பெண்மணி நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பெயர் எமக்குத் தெரியாது. அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் இந்தச் சரிதை அங்கேயே முடிந்திருக்கும் என்று நாம் எண்ணுவதுண்டு.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் கழுத்திலே செபமாலையை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்ப்பார். இப்படித்தான் மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். தமிழையும் கற்றுக்கொண்டார். சில்லாலை மக்கள் அவரைத் தம்மிடையே வைத்துக் காத்தார்கள். பூசை இரவிலேதான். 1689-ம் ஆண்டு நத்தார் இரவு ஒல்லாந்த வீரர்கள் புகுந்து விசுவாசிகளைப் பிடித்துச் சென்றார்கள். அடிகளார் அகப்படவில்லை, அகப்பட்டவர்கள் கடுந்தண்டனை அனுபவித்தார்கள். அன்று அவர்களைக் காக்க ஒரு புதுமையும் நடக்கவில்லை. இதையும் நாம் மறைக்காமற் சொல்லவேண்டும்.

பின்பு புத்தளம் சென்று, 1692-ல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். உளவாளி என்று ஒருவன் கோள்மூட்ட, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் வைத்தான். 1696-ல் கொடிய வறட்சி வந்தது. அரசன் கேட்டுக்கொண்டபடி அடிகளார் பகிரங்க இடத்தில் பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முழந்தாளிட்டுச் செபித்தார். மழை கொட்டியது, அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் அவர் தடையின்றிப் போதிக்க மன்னன் இடங்கொடுத்தான்.

மழை தற்செயலாய் வந்தது என்பாரும் உண்டு. அவர்களோடு வாதிட நாம் வரவில்லை. நாம் அதை விசுவசிக்கிறோம். ஆனால் மழை பெய்தது ஒருநாள். அடுத்த வருடம், 1697-ல், கண்டியில் வைசூரி பரவியபோது நடந்ததோ நாளுக்கு நாள் தொடர்ந்தது. அரசன் நகரை விட்டு அகன்றான். பெற்ற பிள்ளைகளையும் காட்டில் விட்டு ஓடினார்கள். அடிகளாரும் அவருடைய சகோதரியின் மகனான யோசேப் கர்வாலோ சுவாமிகளும் அந்த நோயாளிகளைத் தேடிப் போனார்கள். கைவிடப்பட்ட வீடுகளை வைத்தியசாலை ஆக்கி, புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கஞ் செய்தார்கள். கிறிஸ்தவனா பௌத்தனா என்று கேட்கவில்லை. முன்பு ஊருக்குப் புறம்பே கிடந்து கஞ்சி வாங்கிக் குடித்தவரல்லவா! கண்டி மக்கள் அவருடைய போதனைக்குச் செவிசாய்த்தது மழையைக் கண்டு மட்டுமல்ல என்பது எம் எண்ணம்.

1705-ல் சாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி அவருக்குத் துணைநின்றார். 1711 சனவரி 16-ந் திகதி அடிகளார் கண்டியிலே உயிர்நீத்தார்.

அர்ச்சிஷ்டர் பட்டத்துக்குப் புதுமைகளைத் திருச்சபை எவ்வளவு நுணுக்கமாய் ஆராயும் என்பது தெரிந்ததே. 1938-ல் கோவாவில் ஆபத்தான நிலையிலிருந்த ஒரு தாயின் பிள்ளை நலமாய்ப் பிறந்ததைப் புதுமையாக ஏற்று, 1995 சனவரி 21-ந் திகதி பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். வழக்கப்படி இன்னொரு புதுமை வேண்டும். 2014-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அது இல்லாமலே அனுமதி கொடுத்து, 2015 சனவரி 14-ந் திகதி காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். மழை பெய்வித்தவருக்குப் புதுமை குறைந்துபோயிற்றா என்று எம்மில் சிலர் அப்போது மனத்தாங்கலோடு பேசிக்கொண்டார்கள். வைசூரி நோயாளிகளுக்கு அவர் செய்த பணியை நினைவூட்டினோம்; அவர்கள் பேச்சு அடங்கிற்று.

சனவரி 16 அடிகளாரின் திருநாள். அன்று காலைப் பூசை முடிந்ததும் எம் பங்கின் மரியாயின் சேனையார் வைத்தியசாலையில் யாருமற்றுக் கிடக்கும் நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுபோவது வழக்கம். பானை தூக்கவும் பரிமாறவும் ஆட்கள் போதாதிருக்கிறது. வர விரும்புவோர் முதல்நாள் மாலைக்குள் பெயர் கொடுக்கலாம்.